வாதாடினால் உடந்தையா? ஜான் ஆடம்ஸ் எடுத்த வழக்கு

"மனசாட்சி இருந்தா இந்த கேஸை எடுப்பீங்களா?" கொலை வழக்கில் வக்காலத்து போட்ட என் ஜூனியரை அவருடைய சொந்தக்காரர்களே இப்படிக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவருக்குச் சொன்ன பழைய வழக்கை இங்கேயும் எழுதுகிறேன்.

1770 மார்ச் 5 இரவு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்தது. சிப்பாய்களின் அதிகாரி கேப்டன் பிரஸ்டன் "சுடு" என்று வாளை ஓங்குவது போல பால் ரெவியர் செதுக்கிய படம் சில வாரங்களிலேயே பரவிவிட்டது. விசாரணை தொடங்கும் முன்பே ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மறுநாளே பிரஸ்டனுக்காக ஆள் வந்து கேட்டபோது, 34 வயது வக்கீல் ஜான் ஆடம்ஸ் ஒத்துக்கொண்டார். அவர் பிரிட்டிஷ் விசுவாசி அல்ல, அவர்களுடைய வரிகளை எதிர்த்தவர். துணைக்கு நின்ற ஜோசையா குவின்சியும் அப்படித்தான். அந்த ஜோசையாவின் சொந்த அண்ணன் சாமுவேல் அரசுத் தரப்பில் வாதாடினார்! இதற்குமேல் என்ன சொல்ல? வக்கீல் பேசுவது எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக. எதிரி செய்ததை அவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தமில்லை. அரசுத் தரப்பு சொல்வதை நிரூபிக்கச் சொல்வதுதான் அவர் வேலை. யாருமே குறுக்கு விசாரணை செய்யாத சாட்சியை நம்பி ஒருவரைத் தூக்கில் போடலாமா?

வழக்கின் முக்கியமான இடம் பேட்ரிக் காரின் மரண வாக்குமூலம். குண்டடிபட்டு ஒன்பது நாள் கழித்து இறந்தவர் அவர். சிப்பாய்கள் உயிருக்குப் பயந்து சுட்டார்கள், சுட்டவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று டாக்டர் ஜெஃப்ரிஸிடம் சொல்லியிருந்தார். நம் கோர்ட்டுகளில் மரண வாக்குமூலத்தைப் பெரும்பாலும் அரசுத் தரப்புதான் தூக்கிப்பிடிக்கும். அங்கே அது எதிரிகளுக்குக் கைகொடுத்தது. பிரஸ்டன் அக்டோபரில் விடுதலையானார். டிசம்பரில் எட்டு சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. மற்ற இருவருக்குக் கொலை ஆகாத மரணத்தை விளைவித்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கு நிலுவையில் இருந்த அந்த ஜூன் மாதத்திலேயே பாஸ்டன்காரர்கள் ஆடம்ஸைத் தங்கள் பிரதிநிதியாக மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1774-ல் அமெரிக்கக் காலனிகளின் பொதுப் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸ், 1797-ல் அமெரிக்க ஜனாதிபதி. அந்த வழக்கை, நாட்டுக்குத் தான் செய்த மிகச் சிறந்த சேவைகளில் ஒன்றாகவே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஆக, தயவுசெய்து "அவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வக்கீல் சங்கங்களே அப்படித் தீர்மானம் போடுவது சட்டவிரோதம் என்று 2010-ல், கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

வீட்டில் யாரையாவது கைது செய்தால், அவமானம் என்று ஒளிந்துகொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். எழுதியதைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.