பம்மிக்கொண்டு வந்த ஒரு சொல்

நரிக் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்கல்க்' என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 1486இல் இங்கிலாந்தில் அச்சான வேட்டை நூல் ஒன்றிலேயே இந்த வழக்கு உண்டு. வினைச்சொல்லாக வந்தால் பம்மிப் பம்மிப் போவது, ஒளிந்து திரிவது. புலி பாய்வதற்குப் பதுங்குமே, அந்த வீரம் இதில் கிடையாது. பயந்தவனோ கள்ள எண்ணக்காரனோ பதுங்கும் பதுங்கல் இது.

சொல்லின் பூர்வீகம் ஸ்காண்டிநேவியா, அதாவது ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பகுதி. ஸ்வீடிஷில் 'ஸ்கோல்கா' என்றால் இன்று பள்ளிக்கு மட்டம் போடுவது! அங்கிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியது, அப்புறம் கிழக்கு, வடக்கு இங்கிலாந்தில் குடியேறியது எல்லாம் தெரிந்த கதைதான். அவர்களுடைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் பல.

எனக்குப் பிடித்தது ஒரு சொல் அப்படி வந்ததுதான் என்று கண்டுபிடிக்கும் விதம். துப்பு முதல் ஒலியிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ஸ்க்', நாளடைவில் 'ஷ்' ஆகிவிட்டது. அடிநாக்கில் பிறக்கும் 'க்' மெல்ல முன்னால் நகர்ந்து, பக்கத்திலிருந்த 'ஸ்' ஒலியோடு கரைந்துபோனது. வைக்கிங்குகளின் மொழியில் அப்படி நடக்கவில்லை. ஷர்ட், ஸ்கர்ட் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. முன்னது உள்ளூரில் வளர்ந்தது, பின்னது கடல் தாண்டி வந்தது. ஸ்கை, ஸ்கின், ஸ்கில் எல்லாமே அப்படி வந்தவைதான். ஸ்கல்க் உள்ளூர்ச் சொல்லாக இருந்திருந்தால் இன்று 'ஷல்க்' என்றிருக்க வேண்டும்.

சரி, 'ஸ்க்' என்று தொடங்கினாலே வைக்கிங் சொல்லா? இல்லை. ஸ்கூல் லத்தீன் வழியாக வந்தது, ஸ்கிப்பர் டச்சு. அதனால்தான் ஒலியோடு பொருளையும், அண்டை மொழிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கொல் என்பதிலிருந்துதான் 'கில்' வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர்கள் இந்தச் சிரமமே படுவதில்லை. ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு முடிந்தது! தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து அதைக் கேலிக்கு ஆளாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

உண்மையான ஒலிவிதி நம்மிடமே இருக்கிறது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. அங்கே கெம்பு, இங்கே செம்மை. இ, எ போன்ற உயிர்கள் அடுத்து வந்தால் பழைய 'க' தமிழில் முன்னால் நகர்ந்து 'ச' ஆகிவிட்டது. அப்படியானால் கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை? அடுத்து நிற்பது ளகரம். ட, ள, ழ போல நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலி பின்னால் வந்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை. கெடு, கிழங்கு இரண்டும் 'க' மாறாமல் நிற்பதற்கும் காரணம் அதுதான்.