டிரிஃப்ட் என்றால் சறுக்கலா, சறுக்கோட்டமா?

ஆர்.சி. கார், அதாவது ரேடியோ கன்ட்ரோலில் தூரத்திலிருந்து இயக்கும் சிறிய கார், பக்கம் புதிதாக வருகிறவர்களை முதலில் இழுப்பது டிரிஃப்ட்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் டிரிஃப்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி புரியாவிட்டால் தவறான வண்டியை வாங்கிவிட்டு, ஏன் சுழன்று சுழன்று நிற்கிறது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல், ஓட்டுவதையும் விரட்டுவதையும் குறிக்கும் டிரைவ் என்ற வினையின் உறவுக்காரச் சொல். காற்று அடித்துக் குவித்த பனியும் டிரிஃப்ட், நீரோட்டம் கப்பலைத் தடம் மாற்றிக் கொண்டுபோவதும் டிரிஃப்ட். இரண்டிலும் பொருள் தானாக நகரவில்லை, வேறொன்று அதைத் தள்ளுகிறது. அதனால்தான் தமிழிலும் இடத்துக்கு ஒரு சொல் வந்தது: புவியியலில் கண்டப்பெயர்ச்சி, இயற்பியலில் இழுப்புத் திசைவேகம். இவை இரண்டுமே காருக்குப் பொருந்தாது.

காரில் இந்தச் சொல்லுக்குப் புகழ் சேர்த்தது ஜப்பான். 1970களில் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி, வளைவுகளில் வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்க விட்டு வேகம் குறையாமல் வெளியே வந்தார். அவரைப் பார்த்து அந்த வித்தையை வளர்த்துப் பரப்பியவர் கெய்ச்சி சுச்சியா. பிறகு அது தனிப் போட்டியாகவே வளர்ந்தது. அங்கே யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. வண்டி எவ்வளவு கோணத்தில் பக்கவாட்டில் திரும்பி, எந்தத் தடத்தில், எவ்வளவு சீராகப் போனது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆர்.சி. டிரிஃப்டும் அதே வழிதான். வேகமான மோட்டாரைத் தேடி அலையும் புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வழுக்கல் என்றால் அறியாமல் நடப்பது, நழுவல் என்றால் கைவிட்டுப் போவது. சறுக்கல் கொஞ்சம் பரவாயில்லை. பனிச்சறுக்கு, சறுக்குமரம் இரண்டுமே விரும்பிச் செய்பவை. ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சொல்லி, தனியாக நின்றால் அந்தச் சொல்லுக்குத் தவறு என்ற வாடை ஒட்டிக்கொண்டது. அதனால் ஓட்டத்தைச் சேர்த்துச் சறுக்கோட்டம் என்பதே என் தேர்வு. சறுக்குவதும் இருக்கிறது, ஓட்டுபவரின் பிடியும் இருக்கிறது. ஓட்டுகிறவர் சறுக்கோட்டி. பேச்சில் டிரிஃப்ட் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆர்.சி.யைத் தொலையியக்கி என்று சொன்னால் போதும். வானொலிக் கட்டுப்பாட்டுக் கார் என்று எழுதினால் செய்தி வாசிக்கும் கார் போல இருக்கிறது.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தால் பல விஷயம் தெளியும். சறுக்கோட்ட வண்டிக்கு ரப்பர் சக்கரம் கிடையாது, கெட்டியான பிளாஸ்டிக் சக்கரம்தான். மென்மையான ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும், சறுக்க விடாது. எந்தச் சக்கரம் என்பதைத் தரை முடிவு செய்கிறது: மெருகேற்றிய கான்கிரீட்டுக்கு ஒத்துவருவது கம்பளத்துக்கு ஒத்துவராது. ஆகவே எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே ஓட்டுகிறவர்கள் போடும் சக்கரத்தையே வாங்குங்கள்.

தொடக்கக் காலத்தில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளே மிகுதி. இப்போது பின்சக்கரம் மட்டும் தள்ளும், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவுள்ள வண்டிகளே பெரும்பாலும் ஓடுகின்றன. பின்பக்கம் சறுக்கும்போது முன்சக்கரம் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இடது வளைவில் வால் வலப்பக்கம் விலகினால் சக்கரமும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இதற்குப் பெயர் கவுண்டர் ஸ்டியர், தமிழில் எதிர்த்திருப்பம். இவ்வளவு சின்ன வண்டியில் இது நடக்கும் வேகத்துக்கு நம் விரல் ஈடுகொடுக்காது. அங்கேதான் ஜைரோ உதவிக்கு வருகிறது. வண்டி சுழலத் தொடங்குவதை உணர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு அது தானே கட்டளை கொடுக்கும். கிரேக்கத்தில் வட்டம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜைராஸ்கோப் என்று 1852-ல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பூக்கோ. இதற்குத் தமிழ்ச்சொல் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், ஜைரோவே இருக்கட்டும்.

ஜைரோவில் கெயின் என்று ஓர் அளவு உண்டு, உணர்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். கூடிப்போனால் முன்சக்கரம் நடுங்கும், குறைந்துபோனால் வண்டி சுழன்றுவிடும். நடுங்கும் அளவுவரை ஏற்றி, நடுக்கம் நிற்கும்வரை கொஞ்சம் இறக்கி வையுங்கள். அப்புறம் ரிமோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை ஒரே சீராகப் பிடித்து, ஒரு வட்டத்தை இடமாகவும் வலமாகவும் ஓட்டிப் பழகுங்கள். இரு பக்கமும் கைவந்த பிறகு எட்டு போடலாம். எட்டின் நடுவில் வால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும் இடம்தான் கடினம். அங்கே விசையை முழுதாக விட்டுவிடாமல் லேசாகத் தளர்த்தி, மீண்டும் கொடுங்கள்.