தொடராக்கம்: பொருளுக்கும் பைட்டுக்கும் நடுவில்

ஒரு மாணவரின் விவரத்தை ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலில் ஆப்ஜெக்டாக, அதாவது ஒரு பொருளாக வைத்திருக்கிறோம்: பெயர், வயது, மதிப்பெண் பட்டியல். நினைவகத்தில் இவை ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெயர் ஓரிடம், பட்டியல் வேறிடம்; ஆப்ஜெக்டுக்குள் இருப்பது அவற்றுக்கான முகவரிதான். நிரல் நின்றுவிட்டால் அந்த முகவரி செல்லாது. கோப்புக்கும் நெட்வொர்க்குக்குமோ பைட்டுகளை, அதாவது சிறு எண்துண்டுகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே சிதறிக் கிடப்பதை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அனுப்ப வேண்டும். இதுதான் சீரியலைசேஷன்.

இலத்தீனில் 'செரெரே' என்றால் கோத்தல், இணைத்தல். அதிலிருந்து சீரிஸ், அதிலிருந்து சீரியல். 1997-இல் வந்த ஜாவா 1.1 இந்த வசதியை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அப்படி எழுதிய கோப்பைப் பதினாறடிமான எண்களில் பார்த்தால் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் ஏசி, ஈடி என்றிருக்கும். பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்காரர்கள் இதையே பிக்கிளிங் என்கிறார்கள், அதாவது ஊறுகாய் போடுவது. கோப்பதைவிடக் கெடாமல் எடுத்துவைப்பதுதான் அவர்கள் கண்ணில் பட்டது போலும்.

தமிழில் வரிசையாக்கம், தொடராக்கம் என இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு தொடராக்கத்துக்கு. தரவைப் பெரிது சிறிதாக அடுக்கும் சார்ட்டிங்கை ஏற்கெனவே வரிசைப்படுத்தல் என்கிறோம். பக்கத்திலேயே வரிசையாக்கம் என்று வந்தால் படிப்பவர் குழம்புவார். டிவி சீரியலைத் தொடர் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் காதுக்கும் புதிதில்லை.

பைட்டு என்ற சொல்லை 1956-இல் ஐபிஎம்மில் ஸ்ட்ரெச் கணினியை வடிவமைத்தபோது வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கினார். கடி என்ற பொருளுள்ள 'பைட்' (bite) என்பதன் எழுத்தை வேண்டுமென்றே byte என்று மாற்றினார். இல்லையென்றால் கைதவறி பிட் (bit, 0 அல்லது 1) என்று எழுதிவிடுவார்கள். இதற்கு எண்மி என்று அழகான சொல் உண்டு. ஆனால் தொடக்கத்தில் பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கு கிடையாது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிக்குப் பிறகுதான் எட்டு நிலைத்தது. எண்மியை, எப்போதும் எட்டு பிட் கொண்ட ஆக்டெட்டுக்கு வைத்துக்கொண்டு, பைட்டைப் பைட்டு என்றே விடலாம்.

பைட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரீமுக்கு ஓடை சரிதான். சிக்கல் என்னவென்றால், பைட்டு ஓடையில் எல்லைக்கோடு இல்லை. டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியே இரண்டு முறை எழுதியது எதிர்முனையில் ஒரே துண்டாக வரலாம், ஒரே முறை எழுதியது மூன்றாகவும் வரலாம். 'தமிழ்' என்ற சொல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 15 பைட்டு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3. நான்காம் பைட்டில் துண்டு முறிந்தால் 'த' தப்பிக்கும், 'ம' உடையும். துண்டு துண்டாக உரையாக மாற்றினால், திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதுகிறார்கள், அல்லது வரிக்கு ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) என்று வைக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஆப்ஜெக்ட் மோட் என்று ஒன்று உண்டு. அதில் ஓடை பைட்டை எண்ணாது, ஆப்ஜெக்டை எண்ணும். இயல்பான இடையக அளவு 16 ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றும் பத்து மெகாபைட் என்றாலும் கணக்கு 16தான், நினைவகம் வீங்குவது அதற்குத் தெரியாது. அப்புறம், இது நிரலுக்குள் மட்டுமே. நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டுக்கு வந்ததும் மறுபடி தொடராக்கம்தான்.

பைட்டிலிருந்து ஆப்ஜெக்டைத் திரும்பப் பெறும் டீசீரியலைசேஷனைத் தொடர்பிரிப்பு என்றால் பாதி வேலையைத்தான் சொன்னதாகும். பிரிப்பதோடு நிற்காமல் ஆப்ஜெக்டை உயிரோடு எழுப்பவும் வேண்டுமே! பொருள்மீட்பு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆபத்து இருப்பதும் இங்கேதான். எந்த வகுப்பை (ஆப்ஜெக்டின் வார்ப்பை) எழுப்புவது என்பதை வந்த பைட்டுகளே தீர்மானிக்கின்றன. 2015-இல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற ஜாவா நிரல் நூலகத்தின் வகுப்புகளை இப்படிச் சங்கிலியாகக் கோத்து, பைட்டுகளை வாங்கும் கணினியில் அனுப்பியவரின் கட்டளையை ஓட்ட முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜாவா 9 இதற்கு, வேண்டாத வகுப்புகளைத் தடுக்கும் வடிகட்டி கொடுத்தது. நம்பாத இடத்திலிருந்து வந்த பிக்கிளைத் திறக்காதே என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. வெளியாரோடு பேச ஜேசன் போதும். அது தருவது எண், உரை, பட்டியல் போன்ற வெறும் தரவுதான், எந்த வகுப்பையும் தானாக எழுப்பாது.