ரிட்ரெஞ்ச்மென்ட்னு (ஆட்குறைப்பு) கூப்பிட்டா ரிசைன் லெட்டர்ல கையெழுத்து போடாதீங்க

தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வர்த்ல என் மச்சான் ஒருத்தர், 14 வருஷமா டிராஃப்ட்ஸ்மேன், ஆர்டர் இல்லன்னு கம்பெனில கூப்பிட்டு "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, அடுத்த வேலைக்கு நல்லது"ன்னு நைசா பேசி கையெழுத்து வாங்கிட்டாங்க. அப்புறம் லேபர் சென்டர்ல போய் லைன்ல நின்னா யு.ஐ.எஃப். காசு (வேலை போனவங்களுக்கு அரசாங்க காப்பீட்டு நிதி தர்றது) கிடையாதுன்னுட்டாங்க. தானா வேலைய விட்டவங்களுக்கு அது கிடையாது, ரூலே அப்படித்தான். ஆட்குறைப்பு, கான்ட்ராக்ட் முடிஞ்சது, ஏன் டிஸ்மிஸ் பண்ணாக்கூட கேக்கலாம். கம்பெனி குடுக்கற யு.ஐ.-19 ஃபார்ம்ல வேலை போன காரணத்துக்கு ஒரு நம்பர் இருக்கும், 6-ன்னா ரிசைன், 11-ன்னா ரிட்ரெஞ்ச். அத பாத்துட்டு வாங்குங்க.

நம்ம ஆளுங்கள்ல அக்கவுன்டன்ட், இன்ஜினியர், ஐ.டி.ன்னு இருக்கறவங்க இதெல்லாம் ஃபேக்டரி ஆளுங்க சமாச்சாரம்னு நெனைச்சுக்கறாங்க. பேஸ்லிப்ப எடுத்து பாருங்க, மாசாமாசம் உங்க சம்பளத்துலயும் 1% போகுது, கம்பெனியும் 1% போடுது. ஆனா 17,712 ராண்ட் வரைக்கும்தான் கணக்கு, 60,000 வாங்கினாலும் புடிக்கறது 177 ராண்ட் 12 சென்ட்தான். திரும்ப வர்றதும் அதே சீலிங்லதான், சம்பளம் கம்மியா இருந்தா 60% வரைக்கும், ஏற ஏற 38%-க்கு எறங்கிடும். பெரிய சம்பளக்காரங்களுக்கு மாசம் சுமார் 6,730 ராண்ட். வீட்டு லோன் கட்ட பத்தாது, மளிகைக்கும் கரன்ட்டுக்கும் ஆகும்.

நாலு நாள் வேலை பாத்தா ஒரு நாள் கிரெடிட், அதாவது ஒரு நாளைக்கான யு.ஐ.எஃப். காசு, நாலு வருஷத்துக்கு அதிகபட்சம் 365 நாள். மொத 238 நாளுக்கு முன்னாடி சொன்ன 38-60% ரேட், அதுக்கப்புறம் வெறும் 20%. வேலை போன 12 மாசத்துக்குள்ள அப்ளை பண்ணணும், யூஃபைலிங்ங்கற யு.ஐ.எஃப். வெப்சைட்ல வீட்லருந்தே பண்ணலாம். நடுவுல வேலை கிடைச்சுட்டா நிறுத்திடுவாங்க, மீதி கிரெடிட் உங்க கணக்குல நிக்கும். வேலை போகாம வேலை நேரத்த மட்டும் கொறைச்சு, சம்பளம் ரொம்ப எறங்கிட்டாலும் கேக்கறதுக்கு சட்டத்துல எடம் இருக்கு, இது பாதி பேருக்கு தெரியாது.

கம்பெனி தர வேண்டியது தனி. ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு 4 வாரம் நோட்டீஸ், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் கொறஞ்சது ஒரு வார சம்பளம் செவரன்ஸ் (ஆட்குறைப்பு இழப்பீடு). மச்சான் ரிசைன் லெட்டர் குடுத்ததுல அந்த 14 வாரமும் போச்சு! தொழிலாளர் உறவுச் சட்டம் (எல்.ஆர்.ஏ.) 189-ஆவது பிரிவுப்படி, கம்பெனி ஏன் ஆள கொறைக்கறோம், வேற வழி என்ன பாத்தோம், யார எப்படி தேர்ந்தெடுத்தோம்னு எழுத்துல குடுத்து பேசணும். ஒண்ணு கவனிங்க, அந்தப் பேச்சுல அவங்க நியாயமான வேற வேலை ஒண்ணு காட்டி, நீங்க காரணமில்லாம வேணாம்னா செவரன்ஸ் போயிடும்.

அந்தப் பேச்சுலயே கேக்க வேண்டியது டெர்ஸ், அதாவது ஆள அனுப்பாம இருக்க கம்பெனிக்கு தர்ற தற்காலிக உதவித் திட்டம். கஷ்டத்துல இருக்கற கம்பெனி சி.சி.எம்.ஏ. (வேலைத் தகராறு தீர்க்கற அமைப்பு) வழியா அப்ளை பண்ணா ஆள அனுப்பாம 12 மாசம் வரைக்கும் ட்ரெயினிங்ல வெக்கலாம், அடிப்படை சம்பளத்துல 75% வரைக்கும் யு.ஐ.எஃப். தரும், சீலிங் இங்கயும் உண்டு. அப்ளை பண்றது கம்பெனிதான், நாமளா போய் பண்ண முடியாது. கைல வரைஞ்சு பழகினவங்க புது சாஃப்ட்வேர் கத்துக்க இத விட நல்ல வழி எனக்கு தெரியல, ஆனா கேக்கறதுக்கு ஆளே இல்ல.

இன்னொண்ணு, வேலை போனதும் நெறைய பேர் கன்சல்டிங்னு எறங்கறாங்க. நல்லதுதான், ஆனா சொந்தமா இன்வாய்ஸ் போட்டு பொழைக்கறவங்க யு.ஐ.எஃப்.ல வர மாட்டாங்க, புது கிரெடிட் சேராது. அதே கிளையன்ட் குறிப்பிட்ட கால கான்ட்ராக்ட்ல எம்ப்ளாயியா எடுத்தா சேரும். ரேட் பேசறப்ப இதயும் பேசிடுங்க.

மெரட்டி கையெழுத்து வாங்கினாங்கன்னா சி.சி.எம்.ஏ.ல கேஸ் போடலாம், காசு கிடையாது, ஆனா வேலை போன 30 நாளுக்குள்ள போகணும். லேட்டானா ஏன் லேட்டுன்னு தனியா எழுதிக் குடுத்து, அவங்க ஒத்துக்கணும். மச்சான் போனது ரெண்டு மாசம் கழிச்சு.