மரைன் பயாலஜி கப்பல் படிப்பு இல்லை

மரைன் பயாலஜி முடித்த பிள்ளையிடம் "டிகிரியிலேயே மரைன் இருக்கே, கப்பல்ல கேடட்டா (பயிற்சி அதிகாரியா) சேர்த்து விடுறோம்" என்று சொல்லி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஏஜென்ட் காணாமல் போவது இன்னும் நிற்கவில்லை. பெற்றோர் விசாரிக்க வருவதோ பணம் கட்டி முடித்த பிறகு. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

மறுபடியும் சொல்கிறேன். மரைன் பயாலஜி கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படிப்பு. மரைன் இன்ஜினியரிங் கப்பலின் இயந்திரங்களைப் பற்றியது. நாட்டிகல் சயின்ஸ் கப்பலைச் செலுத்துவது பற்றியது. பின்னவை இரண்டும்தான் கேடட்டாகக் கப்பலுக்குப் போகும் வழக்கமான வழி. அந்தப் படிப்புகளில் சேர்க்கும்போது பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்களை. உங்கள் மரைன் பயாலஜி பட்டத்துக்கு அங்கே எந்தச் சலுகையும் கிடையாது. கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். அந்த எண்ணைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். உரிமம் உள்ளவரும் வேலை வாங்கித் தருவதற்கென்று பணம் வாங்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை இல்லாமல் இல்லை. மரக்காணம் பக்கமும் ஆந்திரக் கடற்கரையிலும் இறால் ஹேச்சரிகளுக்கு (குஞ்சு பொரிப்பகங்களுக்கு) ஆள் வேண்டும். ஆனால் அங்கே பட்டதாரிகள் திணறுவது மிகச் சின்ன விஷயத்தில். முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் என்ற இளம் பருவம் அடுத்த பருவமான சோயியாவாக மாறியதும் தொட்டிக்கு நுண்பாசி கொடுக்க வேண்டும். எவ்வளவு? ஹீமோசைட்டோமீட்டர் என்ற செல் எண்ணும் கண்ணாடித் தகட்டில் 1 சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் 12 செல் இருந்தால், பத்தாயிரத்தால் பெருக்கி, 1 மில்லியில் 1,20,000 செல். இந்தக் கணக்கு கையோடு வர வேண்டும். பாசி கூடினால் தண்ணீர் கெடும். குறைந்தால் சோயியாவின் பின்னால் நூல் போலத் தொங்கும் கழிவு அறுந்துபோகும். பீக்கரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே அந்த நூல் தெரியும். அதைப் பார்க்கப் பழகியவரை எந்த ஹேச்சரியும் விடாது. இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு பி.சி.ஆர். பரிசோதனை செய்யவும் தெரிந்தால் இன்னும் நல்லது.

தூத்துக்குடி கடலுணவு ஏற்றுமதி நிறுவனங்களின் ஆய்வகங்களில் நுண்ணுயிரியல், ஆன்டிபயாட்டிக் எச்சப் பரிசோதனை வேலைகள் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு செய்யும் கன்சல்டன்சிகளுக்கு மிதவை உயிரிகளையும் சேற்றுப் புழுக்களையும் இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் தேவை. வகைப்பாட்டியலைச் சலிப்பென்று ஒதுக்காதீர்கள், தயவுசெய்து. கூடவே புள்ளியியலுக்கான ஆர், வரைபடத்துக்கான கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இரண்டு மென்பொருள்களையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

ஆராய்ச்சி என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் சீபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்), என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) போன்றவை. முதலில் கிடைப்பது பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான். திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். அந்த நாட்களிலேயே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிட வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிரியல் படித்தவர்களுக்கு உரியது லைஃப் சயின்சஸ் தாள். "கடல்" என்ற சொல்லைப் பார்த்துப் புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாளை எடுத்து ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். அதில் நிலவியலும் இயற்பியலும் கணக்குமே அதிகம். மத்ஸ்யா 6000 செய்தியைப் பார்த்துச் சேர்பவர்களுக்கும் ஒன்று: அந்த நீர்மூழ்கியை உருவாக்குவது பெரும்பாலும் பொறியாளர்கள்.

ப்ராஜெக்டுக்கென்று மன்னார் வளைகுடாவில் பவளத்துண்டையோ கடல் அட்டையையோ அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. "படிப்புக்காக எடுத்தேன்" என்பது வழக்கில் நிற்காது. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பி.எஸ்சி. மரைன் பயாலஜியும் நான்கு ஆண்டு மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.யும் ஒன்றல்ல. மீன்வளப் பட்டம் மட்டும் கேட்கும் பணிகளுக்கு மரைன் பயாலஜி செல்லாது. ஆசிரியர் பணி எண்ணம் இருந்தால், அந்தக் கல்லூரியின் பட்டம் விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணை உண்டா என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். "இருக்கு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு ஃபீஸ் கட்டுங்கள்.