ஊசி மெத்தையின் வயிற்றுக்குள் நடப்பது

பழைய ஊசி மெத்தை நைந்துவிட்டது, அதில் குத்தியிருந்த ஊசிகளும் கறுத்துச் சொரசொரத்துவிட்டன, புதிதாகத் தைக்கும் மெத்தைக்குள் எதை அடைத்தால் துருப்பிடிக்காது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பூசணி, காளான், பூனைக்குட்டி என்று வெளியே எந்த வடிவம் கொடுத்தாலும் சரி, ஊசியின் ஆயுளை முடிவு செய்வது உள்ளே இருக்கும் சரக்குதான்.

தையல் ஊசி என்பது கார்பன் மிகுந்த எஃகுக் கம்பி. அதன்மேல் மெல்லிய நிக்கல் முலாம். இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் அவ்வளவாகப் பேசப்படாதது முலாமின் குணம். இரும்பு வாளிக்குப் பூசும் துத்தநாகம், கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அதற்கு நேர்மாறு. அது இரும்பைப் போல எளிதில் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்காது. ஆகவே கீறலில் வெளியே தெரியும் சின்னஞ்சிறு இரும்புப் புள்ளியே அவ்வளவு எலக்ட்ரான்களையும் கொடுக்க நேர்கிறது. அரிப்பு அங்கேயே குவிந்து குழி விழுகிறது. துணியில் உரசும் நுனியும் நூல் உரசும் காதும் முலாம் தேய வாய்ப்புள்ள இடங்கள். விரல் வியர்வையின் உப்பு இந்த அரிப்பை விரைவுபடுத்தும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சுத்தமான இரும்பில் துரு வேகம் பிடிக்கும். உப்பு படிந்திருந்தால் அதற்குக் கீழேயே பிடித்துவிடும்.

இதற்குக் கம்பளிதான் மருந்து என்று தையல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். காரணம் கேட்டால், கம்பளியில் உள்ள லானோலின் என்ற மெழுகு ஊசிக்கு எண்ணெய் பூசுகிறது என்பார்கள். வெட்டியபடியே கழுவாமல் வைத்த கம்பளிக்கு இது பொருந்தும். ஆலையில் கழுவி வரும் கம்பளியில் லானோலின் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். மருந்து சரி, விளக்கம் அரைகுறை. உண்மையான விளக்கம் இதைவிட அழகானது.

கம்பளி இழையின் உடல் கெரட்டின் புரதம். அந்தப் புரதச் சங்கிலிகளில் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் இடங்கள் ஏராளம். 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 16 கிராம் நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். பருத்தி அதில் பாதி. பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. இழையின் வெளிப்புறத்திலோ ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் ஒரு கொழுப்பமிலப் படலம் இருக்கிறது. பெயர் 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம். நம் தலைமுடியின் மேலும் இருப்பது இதே அமிலம்தான். லானோலின் போல அது மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, புரதத்தோடு வேதிப் பிணைப்பில் இருக்கிறது. அதனால் சாதாரண சோப்புக்கு அசையாது. நீர்த்துளியை இந்தப் படலம் தள்ளிவிடும். தனித்தனி மூலக்கூறுகளாக வரும் நீராவி அதைக் கடந்து உள்ளே போய்விடும். ஊசியைத் தொட்டுக்கொண்டிருப்பது நீரை வெறுக்கும் வெளிப்புறம், நீர் அடைபட்டிருப்பது உட்புறம். வெளுத்த பருத்திப் பஞ்சில் இயற்கை மெழுகு போய்விடுவதால் ஈரம் இழையின் மேற்பரப்பிலேயே பரவி உலோகத்தைத் தொடுகிறது.

இந்த உறிஞ்சும் திறன் எவ்வளவு பெரியது? ஒரு லிட்டர் டப்பாவில் 25 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவி வெறும் 23 மில்லிகிராம். ஈரப்பதம் 50-லிருந்து 60 சதவீதமாக ஏறினால், 35 கிராம் கம்பளி அரை கிராமுக்கு மேல் நீரை விழுங்கும். மூடிய டப்பாவுக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்பதை அங்குள்ள காற்று முடிவு செய்வதில்லை, கம்பளிதான் முடிவு செய்கிறது. திறந்த மேசையில் வாரக்கணக்கில் ஈரக்காற்று அடித்தால் கம்பளியும் அதோடு சமநிலைக்கு வந்துவிடும், பிறகு பயனில்லை. உலர்ந்த நாளில் மெத்தையை டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மெஷினில் துவைக்கலாம் என்று குறிப்பிட்டு வரும் கம்பளிக்குப் பெரும்பாலும் குளோரின் ஏற்றியிருப்பார்கள். அது நாம் மெச்சிய அந்தப் படலத்தையே அழித்துவிடும்.

இனி தையல். பழைய மெத்தையைப் பிரிக்கும்முன் அதன்மேல் வலுவான காந்தத்தை ஓட்டுங்கள். காது வரை மூழ்கிப்போன ஊசிகள் உள்ளே கிடக்கும். புதியதற்கு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் 12 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்கள். 6 மி.மீ. விளிம்பு விட்டு, 2 மி.மீ. தையல் நீளத்தில் சுற்றிவரத் தைத்து, 5 செ.மீ. திறப்பு விடவும். விளிம்பில் 1 செ.மீ.க்கு ஒரு சிறு வெட்டு கொடுத்தால்தான் திருப்பியதும் வட்டம் சுருங்காமல் நிற்கும். நீளாத இரண்டு வட்டங்களைச் சேர்த்துத் தைத்து உப்ப வைத்தால், விட்டம் முக்கால் பங்காகக் குறையும், உயரம் அந்த உப்பிய விட்டத்தில் 0.6 பங்கு வரும். இங்கே தட்டையாக 10.8 செ.மீ.; உப்பியதும் அகலம் ஏறத்தாழ 8.2, உயரம் 4.9. 8 செ.மீ. மெத்தைக்கு ஆசைப்பட்டு 8 செ.மீ. வட்டம் வெட்டினால் அகலம் 5 செ.மீ.யும் உயரம் 3 செ.மீ.யும்தான் மிஞ்சும், நீளக் குண்டூசி அடியைத் துளைத்து மேசையைக் கீறும்.

கம்பளியைப் பிய்த்துப் பிய்த்து, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, 30 முதல் 40 கிராம் வரை இறுக்கமாகத் திணியுங்கள். தளர்வாக இருந்தால் ஊசி சாயும், மூழ்கும். திறப்பை மறைதையலால் மூடி, தடித்த நூலை நடுவில் மேலும் கீழும் கொண்டுபோய் எட்டுப் பாகமாக இழுத்தால் பூசணி வடிவம் வரும். நீளக் குண்டூசி அடியைத் துளைக்கும் அளவுக்கு நடு உயரம் குறையும்வரை இழுக்க வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை உள்ளே வைத்தால் ஊசி கூராகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. என் பார்வையில் அது வெறும் மூடநம்பிக்கை. அந்த நார் ஊசியைவிட மென்மையான இரும்பு, கூராக்காது. தானே துருப்பிடித்து அருகில் உள்ளதைக் கெடுக்கும். கூராக்க எமரி என்ற கனிமத் தூள் வேண்டும். அதிலுள்ள குருந்தம் என்ற கனிமத்தின் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில் 9, எஃகைவிட மிக அதிகம். தூள் கசியாதபடி இரட்டைத் துணியில் சிறு பையாகத் தனியே தைத்து மெத்தையோடு தொங்கவிடலாம். நான்கைந்து முறை குத்தி எடுத்தால் போதும். எமரி துருவோடு சேர்த்து நிக்கலையும் சுரண்டிவிடும் என்பதால் ஊசியை அதிலேயே குத்தி வைக்காமல், துடைத்து மெத்தையில் செருகிவிடுங்கள்.