கதிரலை வானியற்பியல்: சொல் விளக்கம்

ரேடியோ ஆஸ்ட்ரோஃபிசிக்ஸ் என்னும் துறைப்பெயர் தமிழில் வானொலி வானியற்பியல் என்றும், ரேடியோ வானியற்பியல் என்றும், கதிரலை வானியற்பியல் என்றும் பலவாறு எழுதப்படுகிறது. விண்மீன்களும் அவற்றைச் சூழ்ந்த வளிமமும் பிற வான்பொருள்களும் வெளியிடும் நீண்ட அலைநீளமுள்ள மின்காந்தக் கதிர்களை அளந்து, அவற்றைத் தோற்றுவிக்கும் நிகழ்வுகளை ஆராய்வதே இத்துறை. மில்லிமீட்டர் அளவிலிருந்து பல மீட்டர் வரை நீளமுள்ள அலைகள் இதன் எல்லைக்குள் அடங்கும். கண்ணால் காணும் ஒளியும் இவ்வலைகளும் ஓரினத்தவை. இரண்டும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன.

ரேடியோ என்பதன் வேர் ரேடியஸ் என்னும் இலத்தீன் சொல். கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் ஆகியவற்றோடு நெசவாளரின் ஓடத்தையும் அச்சொல் குறித்தது. தமிழில் கதிர் என்பது ஒளிக்கீற்றையும் நெற்கதிரையும் நூல் நூற்கும் கருவியின் கூரிய கம்பியையும் குறிக்கிறது. தொடர்பற்ற இரு மொழிகளில் ஒளிக்கீற்றும் நூல்வினைக் கருவியும் ஒரே பெயரைப் பெற்றிருப்பது தற்செயல்தான் என்றாலும், பெயர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. பிரெஞ்சு இயற்பியலாளர் எதுவார் பிரான்லி தம் அலையுணர் கருவிக்கு இட்ட பெயரில் ரேடியோ என்ற முன்னொட்டு இருந்தது. 1906இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாடு கம்பியில்லாத் தந்தியை ரேடியோ தந்தி என்று குறித்தபின் அது பரவலாயிற்று. இதற்கிடையில், 1898இல் கியூரி இணையர் ரேடியம் என்ற தனிமத்துக்குப் பெயரிட்டபோது அதே வேர் அணுக்கருவின் பக்கமும் கிளைத்துவிட்டது. இதனால் கதிரியக்கம், கதிரியல், கதிர்வீச்சு ஆகிய தமிழ்ச் சொற்கள் வேறு பொருள்களுக்கு உரியவையாகிவிட்டன. ரேடியோ வானியலைக் கதிர்வீச்சு வானியல் என்று எழுதுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கதிர்வீச்சு என்றால் காமாக் கதிர் முதல் எல்லாம் அடங்கும். அலை என்ற ஈறு சேர்ந்து கதிரலை என்றானபோதுதான் பொருள் வரையறை பெறுகிறது.

வானொலி என்பது ஒலிபரப்புக்கும் அதைக் கேட்கும் பெட்டிக்கும் அமைந்த அழகான சொல். ஆனால் அதையே அறிவியல் துறைக்கு அடைமொழியாக்கினால், விண்மீன்கள் ஒலி எழுப்புகின்றன, தொலைநோக்கி அதைக் கேட்கிறது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் படிந்துவிடுகிறது. நாம் அறிந்த பொருளில் ஒலி வெற்றிடத்தைக் கடந்து வர இயலாது. வந்து சேர்வது மின்காந்த அலை; அதைத் தேவையானால் ஒலியாக மாற்றிக் கேட்கலாம், கோடாக வரையலாம், படமாக அமைக்கலாம். அன்றியும், வானொலி வானியல் என்பதில் வான் இருமுறை வந்து செவிக்கும் உறுத்துகிறது.

இக்குழப்பத்துக்குத் தொடக்கத்திலேயே ஒரு காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி, அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பியில்லாத் தொலைபேசிக்கு இடையூறு செய்பவை எவை என்று கண்டறிய, நியூஜெர்சியின் ஹோம்டெல் என்ற ஊரில் 20.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கான பெரிய அலைவாங்கி ஒன்றை அமைத்தார். ஃபோர்டு மகிழுந்தின் சக்கரங்கள் பொருத்தப்பட்டு வட்டப்பாதையில் சுழன்றுகொண்டிருந்த அந்தச் சட்டகம், அருகிலுள்ள இடிமழை, தொலைவிலுள்ள இடிமழை ஆகியவற்றோடு மூன்றாவதாக ஓயாத ஒரு சீறலையும் பதிவு செய்தது. அச்சீறலின் உச்சம் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தி வந்தது. 23 மணி 56 நிமிடம் என்பது விண்மீன்களை அளவாகக் கொண்ட நாள். எனவே அது கதிரவனிடமிருந்தோ புவியிலிருந்தோ வரவில்லை, பால்வழியில் தனுசு இருக்கும் திசையிலிருந்து வருகிறது என்று 1933இல் அவர் அறிவித்தார். கேட்கும் பொறியாளர்களின் கையில் பிறந்ததால்தான் இத்துறையில் இரைச்சல் போன்ற செவிப்புலச் சொற்கள் இன்றும் கலைச்சொற்களாக நிலைத்துள்ளன.

வானியற்பியல் என்பதில் சிக்கல் குறைவு. வான், இயற்பியல் என்ற இரண்டும் இயல்பாகப் புணர்ந்த சொல் அது. மூலச்சொல்லின் முற்பகுதி கிரேக்கத்தில் விண்மீனைக் குறித்தாலும், துறையின் பரப்பை நோக்க வான் என்பதே தகும்.

இனி, கதிரலை விண்மீன் என்ற தொடர். 1946இல் ஹே, பார்சன்ஸ், பிலிப்ஸ் என்னும் மூவர் சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வரும் அலைகளின் வலிமை விரைந்து ஏறி இறங்குவதைக் கண்டனர். அவ்வாறு மாறுவது மிகச் சிறிய பொருளாகவே இருக்க வேண்டும் என்று கருதப்பட்டதால், இத்தகையவற்றை ரேடியோ விண்மீன்கள் என்று அழைக்கும் வழக்கம் எழுந்தது. (மீன் என்ற சொல்லையே மின்னுதலோடு தொடர்புபடுத்தும் தமிழருக்கு இந்தப் பெயரீடு இயல்பாகவே தோன்றும்.) ஆனால் அந்த ஏற்ற இறக்கம் நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் என்னும் மின்னேற்றம் பெற்ற வளியடுக்கின் வேலை என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1949இல் போல்ட்டன், ஸ்டான்லி, ஸ்லீ ஆகியோர் அத்தகைய ஒன்றை நண்டு நெபுலா என்னும் வெடித்த விண்மீனின் எச்சத்தோடும், வேறு இரண்டை விண்மீன் திரள்களோடும் (கேலக்சிகளோடும்) பொருத்திக் காட்டினர். சிக்னஸில் இருந்ததும் மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரள் என்று 1954இல் உறுதியானது. ஆக, அப்பெயர் பெற்றவற்றுள் மிக வலிமையானவை எவையும் விண்மீன்களாக இருக்கவில்லை. பழைய கட்டுரைகளை மொழிபெயர்ப்போர் இத்தொடரை அப்படியே விட்டுவிடாமல் ஓர் அடிக்குறிப்பு தருவது நல்லது.

உண்மையான விண்மீன்களில் முதலில் அகப்பட்டது கதிரவன்தான். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையின் ராடார்கள் திடீரென்று குழம்பியபோது, எதிரியின் சூழ்ச்சியோ என்று ஆராய்ந்த ஹே, இடையூறு வரும் திசை கதிரவனோடு சேர்ந்தே நகர்வதையும், அவ்வேளை கதிரவனின் முகத்தில் பெரிய கரும்புள்ளி ஒன்று இருந்ததையும் கண்டார். போர் முடிந்தபின்பே அது வெளியுலகுக்குத் தெரிந்தது. மற்ற விண்மீன்களின் கதிரலை மிக மங்கலானது. 1950களின் இறுதியில் ஜோட்ரல் பேங்க் நிலையத்தில் லவெல் குழுவினர், யூவி சீட்டி போன்ற சிறு செந்நிற விண்மீன்கள் திடீரென்று கனன்றெழும் வேளைகளில் அவற்றின் அலைகளைத் தேடத் தொடங்கினர்.

இங்கேதான் துறைப்பெயரில் உள்ள இயற்பியல் என்ற பகுதி தன் வேலையைக் காட்டுகிறது. விண்மீனின் புறவளிமம் வெறும் சூட்டினால் அலைகளை உமிழ்கிறது என்றால், அந்த உமிழ்வின் ஒளிர்வு வெப்பநிலை, அதாவது அதே அளவு ஒளிர ஒரு பொருள் சூட்டினால் மட்டும் அடைய வேண்டிய வெப்பநிலை, அவ்வளிமத்தின் வெப்பநிலையைத் தாண்ட இயலாது. கதிரவனின் ஒளிவட்டம் (கொரோனா) என்னும் புறவளிமம் 10 இலட்சம் கெல்வினுக்கு மேல் சூடானது. ஓர் உமிழ்வு 100 கோடி கெல்வினுக்கும் மிகுதியான ஒளிர்வைக் காட்டினால், சூடு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க வழியில்லை. காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் விரைந்த மின்னணுக்களை (எலக்ட்ரான்களை) தேட வேண்டும். மெதுவான மின்னணு ஒரு காஸ் (காஸ் என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தப்புலத்தில் நொடிக்கு 28 இலட்சம் முறை சுழல்கிறது, அதாவது 2.8 மெகாஹெர்ட்ஸ். இச்சுழற்சியின் அடிப்படை அதிர்வெண்ணிலேயே வரும் உமிழ்வாயின், 1400 மெகாஹெர்ட்ஸில் வந்த அலை 500 காஸ் புலத்தில் பிறந்தது என்று நேரடியாகக் கணக்கிட்டுவிடலாம். 1955இல் கண்டறியப்பட்ட வியாழனின் கதிரலை வெடிப்புகள் ஏறத்தாழ 40 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடுவதிலிருந்து, அக்கோளின் துருவப் பகுதிப் புலம் 14 காஸ் அளவில் இருக்க வேண்டும் என்று பெறப்பட்டதும் இவ்வழியில்தான்.

கதிரலை என்பதை ஏற்றுக்கொண்டபின் தொடர்ச்சொற்கள் தாமே அமைகின்றன: கதிரலைத் தொலைநோக்கி, கதிரலை உமிழ்வு, கதிரலைத் திரள். ரேடியோ என்றே எழுதுவதையும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். செய்திக் கட்டுரைகளில் அதுவே உடனடியாக விளங்கும். அலை புறப்படும் பொருளுக்கு மட்டும் கதிரலை மூலம் என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். "கதிரலை மூலம் கண்டறிந்தனர்" என்ற வாக்கியத்தில் அது பொருளா, வழியா என்று தெரியாமல் போகும். போதாக்குறைக்கு, தனுசை ஒட்டிய விருச்சிகத்தின் வாலில் மூலம் என்றே ஒரு நாள்மீன் இருக்கிறது. தோற்றுவாய் என்பது சற்று நீளமானாலும் ஐயத்துக்கு இடம் தராது.